கரையேற்றிய படகு

தணிகாசலத்துக்கு எதிலும் அரைகுறை ஆகாது. தம்பி ஏகாம்பரத்தைச் சம்பந்தி வீட்டார் முன்னால் அறைந்தபோதும் ஓங்கித்தான் அறைந்தார். பிறகு வெட்கம் பிடுங்கித் தின்ன, வீட்டைத் துறந்தபோதும் ஒரேயடியாகத் துறந்தார். வந்து சேர்ந்த இடம், உப்பளங்களை ஒட்டி ஓடும் கால்வாயில் ஒரு நீண்ட, ஒடுங்கிய மரப்படகு.

அதில் குடியிருந்த துறவியை ஊரார் படகம்மா என்பார்கள். தணிகாசலத்தைவிடப் பத்து வயதாவது இளையவர்.

"கோபத்தை விட வழி சொல்லுங்கம்மா" என்று தணிகாசலம் காலில் விழுந்தார்.

படகம்மா ஒரு பித்தளைச் சட்டியை எடுத்து நீட்டினார். "அடியில தண்ணி சேர்ந்திருக்கு. இறைங்க ஐயா."

அன்றிலிருந்து தினமும் அதுதான் முதல் வேலை. பிறகு பாசி சுரண்டுவது, கீற்றுக் கூரையை இழுத்துக் கட்டுவது, தளத்தைக் கழுவுவது என்று பொழுது போய்விடும். எல்லாவற்றையும் தணிகாசலம் முகம் சுளிக்காமல் செய்தார். அந்தக் கசிவு ஒன்றைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. நேற்று இறைத்ததை இன்றும் இறைப்பது தன்னை யாரோ கேலி செய்வதுபோல் இருந்தது.

சித்திரையில் படகம்மா வடக்கே ஒரு மடத்துக்கு நடந்து போனார். அவர் போன சில நாளில், உப்பு ஏற்றி வந்த படகுக்காரன் ஒரு செய்தி கொண்டுவந்தான். ஏகாம்பரத்தின் மகளுக்கு வைகாசியில் கல்யாணம். பெரியப்பா வந்து நின்றால்தான் கழுத்தை நீட்டுவேன் என்று பெண் அடம் பிடிக்கிறாளாம்.

"தம்பி என்ன சொன்னான்?"

"அண்ணன் வரட்டும், நான் எதையும் மனசுல வெச்சுக்கலன்னார்."

போக வேண்டும் என்று தணிகாசலத்தின் நெஞ்சு துடித்தது. போன இடத்தில் ஒரு சொல் இடறி, கை மறுபடி நீண்டுவிட்டால்? அதுவும் மணப்பந்தலில்? முதலில் படகைச் சரிசெய்வோம், அதற்குள் மனசும் திடப்பட்டுவிடும் என்று முடிவு கட்டினார்.

முடிவு கட்டினால் மனிதர் சும்மா இருப்பாரா? மாடு பூட்டி, சவுக்குக் கட்டைகளை அடியில் கொடுத்து, படகைக் கரைக்கு இழுத்துப் போட்டார். ஈரம் இருந்தால்தானே கசியும்? நன்றாகக் காயட்டும் என்று கத்திரி வெயிலில் விட்டார். அதிலேயே சமைத்தார், அதிலேயே படுத்தார். காலையில் அடியைத் தடவிப் பார்ப்பார். சொட்டு ஈரம் இருக்காது. சட்டிக்கு வேலையே இல்லை. இத்தனை காலத்தில் அவர் இவ்வளவு நிம்மதியாகத் தூங்கியதில்லை.

வைகாசி பிறந்து படகம்மா திரும்பினார். படகுக்குள் ஏறி நின்றார். பலகைகள் காய்ந்து சுருங்கி, இடுக்கெல்லாம் வாய் பிளந்திருந்தன. வெயில் கோடுகோடாக உள்ளே வந்து சோற்றுப் பானைமேல் விழுந்தது.

"அடைச்சிடறேம்மா. பஞ்சும் குங்கிலியமும் வாங்கி வெச்சிருக்கேன்" என்றார் தணிகாசலம் அவசரமாக.

"வேண்டாம். சாமானை இறக்கிட்டுத் தள்ளுங்க."

"தண்ணியிலயா?"

"படகை வேற எங்க தள்ளுவாங்க?"

தள்ளினார்கள். நாலாபக்கமும் தண்ணீர் பீறிட்டு வந்தது. தணிகாசலம் உள்ளே குதித்து வெறி பிடித்தவர்போல் இறைத்தார். ஒரு சட்டி வெளியே போனால் ஒரு குடம் உள்ளே வந்தது. படகம்மா இடுப்பளவு நீரில் நடந்து வந்து, அவர் கையிலிருந்து சட்டியை வாங்கிக்கொண்டார். "கரையேறுங்க" என்றார்.

"அம்மா, முழுகுது."

"முழுகட்டும்."

"படகு போயிடும்மா."

"எங்க போகும்? கயிறு என் கையில இருக்கு."

விளிம்புவரை மூழ்கி, கூரை மட்டும் மேலே தெரிய, படகு தரைதட்டி நின்றது. தணிகாசலம் கரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். நல்லது செய்யப் போய் குருவின் வீட்டையே மூழ்கடித்துவிட்டோம் என்று மாய்ந்து போனார். படகம்மா கயிற்றை ஒரு பனையில் கட்டிவிட்டு, மூன்று கல் கூட்டிக் கஞ்சி வைத்தார்.

சில நாள் அப்படியே கழிந்தன. ஒரு விடியலில் படகம்மா நீரில் இறங்கி, "வாங்க ஐயா, இறைப்போம்" என்றார்.

இருவரும் மாறி மாறி இறைத்தார்கள். இறைத்த இடத்துக்குத் தண்ணீர் திரும்பி வரவில்லை. படகு மெல்ல மிதந்தது. தணிகாசலம் குனிந்து இடுக்குகளை விரலால் தடவினார். பலகைகள் ஊறிப் பருத்து ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருந்தன. முனையில் ஓரிடத்தில் மட்டும் பொட்டுப் பொட்டாக நீர் அரும்பியது.

"இங்க இன்னும் கசியுதும்மா."

"கசியும்."

"இதையும் பார்த்துட்டு..."

"கல்யாணம் எப்போ?"

"நாளைக்கு."

படகம்மா சாமான்களை ஏற்றத் தொடங்கினார். தணிகாசலம் அவர் பின்னாலேயே நடந்தார்.

"பயமா இருக்கும்மா. அவனை நேர்ல பார்த்தா என்ன ஆவேனோ தெரியலை. இன்னும் ஒரு வருஷம் உங்ககிட்டயே இருந்துட்டு அப்புறம் போறேனே. இங்க வந்ததுல இருந்து யாரையும் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. அதைக் கெடுத்துக்கணுமா?"

படகம்மா கழியை எடுத்துக்கொண்டு பின்முனையில் போய் நின்றார். காலடியில் கிடந்த பித்தளைச் சட்டியைத் தணிகாசலத்தின் பக்கம் நகர்த்தினார்.

"கரையில கிடந்த வரைக்கும் இந்தப் படகும் ஒரு சொட்டு ஒழுகலை, ஐயா."

தணிகாசலம் பனைமரத்தடிக்குப் போய்க் கயிற்றை அவிழ்த்தார்.