விழாத ‘சுழல்’

“டீச்சர், என் எழுத்து விழுந்துக்கிட்டே இருக்கு” என்றார் சூசைராஜ்.

தபால் ஆபீசில் ஓய்வு பெற்றபின் எழுத்துரு வரையக் கற்றுக்கொள்ள வந்த ஆள் அவர். வயது அறுபத்தொன்று. டீச்சர் ரிஹானாவுக்கு முப்பத்தொன்று. பாளையங்கோட்டையில் பாதிக் கடைகளின் பெயர் ரிஹானா உருவாக்கிய எழுத்தில்தான் இருக்கும்.

எழுத்து கேட்டது ஒரு பெண்கள் கபடி அணி. ஜெர்சி முதுகில் ‘சுழல்’ என்ற அணிப் பெயர் வேண்டும். தடித்து, சாய்ந்து, கொக்கி குஞ்சம் எதுவும் இல்லாத மொட்டை எழுத்தாக, கடைசி வரிசை ஆளுக்கும் தெரிய வேண்டும்.

சூசைராஜ் மூன்று தடவை வரைந்து கொடுத்தார். மூன்றையும் அணித்தலைவி பேச்சியம்மாள் திருப்பி அனுப்பிவிட்டாள். இன்று சாயங்காலத்துக்குள் சரியாக வராவிட்டால் அச்சுக்காரர் கையில் கிடைத்த எழுத்தைப் போட்டுவிடுவார். இதுதான் அவருடைய முதல் எழுத்து. மனிதருக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

“எப்படிச் சாய்ச்சீங்க அண்ணாச்சி?”

“நேரா வரைஞ்சேன். கம்ப்யூட்டர்ல ஒரு பட்டனைத் தட்டுனேன். எல்லாம் ஒண்ணுபோல சாஞ்சிட்டு.”

“பேச்சி என்ன சொன்னா?”

“காத்துக்குச் சாஞ்ச தட்டி மாதிரி இருக்காம்.”

ரிஹானா சிரிப்பை அடக்கிக்கொண்டு செருப்பை மாட்டினார்.

“வாங்க.”

மைதானத்தில் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. ரிஹானா கோட்டருகே போய் நின்றார்.

“பேச்சி, அண்ணாச்சி ரெய்டு வாராரு. பிடிங்க.”

சூசைராஜ் பதறிப்போனார். “டீச்சர், எனக்கு மூட்டுவலி!”

“பாத்துக்கிடலாம். போங்க.”

வேறு வழியில்லை. வேட்டியை மடித்துக் கட்டி, கபடி கபடி என்று முனகிக்கொண்டே உள்ளே போனார். பேச்சியின் தோளைத் தொட உடம்பை மட்டும் நீட்டினார். கால் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. யாரும் பிடிக்கவே இல்லை, அவராகவே குப்புற விழுந்தார்.

பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

“மறுபடி” என்றார் ரிஹானா.

சூசைராஜுக்கு ரோஷம் வந்துவிட்டது. மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தார். இந்தத் தடவை பின்னங்காலால் தரையை உதைத்தார். முன்னங்கால் மடங்கி, உடம்பின் கனமெல்லாம் தொடையில் இறங்கியது. கை தானாக நீண்டது. பேச்சி விலகுமுன் விரல் அவள் தோளில் பட்டது.

“தொட்டுட்டேன்! யம்மா, தொட்டுட்டேன்!”

“கபடிப் பாட்டை விட்டுட்டீங்க தாத்தா. அவுட்டு!” என்றாள் பேச்சி.

அது அவர் காதில் விழவே இல்லை. ஓரமாக ஓடி, பையிலிருந்து சார்ட் தாளையும் தடித்த பேனாவையும் எடுத்தார். மூட்டுவலி போன இடம் தெரியவில்லை.

பட்டன் எதையும் தட்டாமல் கையாலேயே போட்டார். ஒவ்வொரு எழுத்துக்கும் அடியில் கனத்தை இறக்கினார். அடைபட்டுக் கிடந்த ‘ழ’வின் சுழியை மூச்சுவிடத் திறந்தார். ஒவ்வொன்றையும் அதன் போக்குக்குத் தனித்தனியாகச் சாய்த்தார். ரிஹானா எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கடலை வாங்கிக் கொறித்துக்கொண்டிருந்தார்.

வெயில் தாழ்ந்தபோது சூசைராஜ் எழுந்து, மைதானத்தின் இந்த முனையில் நின்று தாளைத் தூக்கிப் பிடித்தார்.

“பேச்சீ!”

அந்த முனையில் நின்றவள் திரும்பினாள்.

ரெய்டுக்கு ஆள் பாய்ந்து வந்ததுபோல அவள் கால் தானாக ஓரடி பின்னால் போனது.

குனிந்து தன் காலைப் பார்த்தாள். தாளைப் பார்த்தாள். பிறகு கூட்டாளிகளைப் பார்த்துக் கத்தினாள்.

“பிடிங்கடி அதை!”