எலும்பு கூப்பிட்ட குரல்

தேவசகாயம் பேர்பெற்ற அறுவை மருத்துவர். மனைவி ரோஸ்லினின் மார்பிலிருந்த புற்றுநோய்க் கட்டியை எடுத்தது அவர்தான். வேறு யாரும் கத்தி வைக்கக் கூடாதென்று அவள் அடம்பிடித்தாள். மூன்றாம் வருடம் நோய் இடுப்பெலும்பில் தலைகாட்டியது. அதிலேயே போய்ச் சேர்ந்தாள்.

அதன்பின் அவர் கத்தியைத் தொடவில்லை. ஐம்பத்து நாலு வயதில், தன்னைவிடப் பத்து வயது இளையவரான பேராசிரியை மங்கையர்க்கரசியின் ஆய்வகத்தில் மாணவராக வந்து உட்கார்ந்தார். ஊர் சிரித்தது. சிரிக்கிறவர்களுக்கு என்ன, அவர்கள் வீட்டுக் கட்டில் காலியாகவில்லையே.

முதல் நாளே கேட்டார். "என் கை எங்க தப்புப் பண்ணிச்சு மேடம்?"

மங்கையர்க்கரசி நடுவே மெல்லிய சல்லடை வைத்த சின்னக் கிண்ணமொன்றைக் கொடுத்தார். "மேல் தட்டுல கட்டியோட செல்களை விடுங்க. கீழ் தட்டுல, செல்களை இழுக்க எலும்பு மஜ்ஜை சுரக்கிற கெமோகைன்ங்கற ரசாயனம் ஒரு சொட்டு. எலும்பு கூப்பிடற குரல்னு வெச்சுக்குங்க. சாயங்காலம் பாப்போம்."

சாயங்காலம் நுண்ணோக்கியில் பார்த்தால், சல்லடையைத் தாண்டியது ஒன்றிரண்டுதான்.

"மேலயும் ஒரு சொட்டு விட்டீங்களா?"

தேவசகாயம் தலையைக் குனிந்துகொண்டார். "அதுங்க இங்கயே இருக்கட்டுமேன்னு தோணிச்சு."

பேராசிரியை திட்டவில்லை. மறுநாள் காலை, கீழே மட்டும் ஒரு சொட்டு விட்டுத் தானே வைத்தார். மாலைக்குள் செல்கள் ஓட்டைகளில் நுழைந்து, உடம்பை ஒடுக்கி, கூட்டமாகக் கீழே வந்திருந்தன.

"குரல் ஒரு பக்கமிருந்து வந்தா அந்தப் பக்கம் போகும். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி கேட்டா, எங்க போறதுன்னு தெரியாம நிக்கும். நீங்க கத்தி வைக்கறதுக்கு முன்னாலயே சிலது கிளம்பியிருக்கும் டாக்டர். உங்க கைமேல தப்பில்ல."

தேவசகாயம் வெகுநேரம் அழுதார். பிறகு கோபம் வந்தது. "அப்போ அவ எலும்புதான் அவளைக் காட்டிக் குடுத்திருக்கு."

"ரத்தம் உண்டாக்கற செல்களை வீட்டுக்குக் கூப்பிடற குரல் அது. உங்க மனைவி தாய் வயித்துல இருந்தப்பவே கூப்பிட ஆரம்பிச்சது. அது இல்லேன்னா அவங்க உயிரோட பிறந்திருக்கவே மாட்டாங்க."

"தன் பிள்ளைகளைத்தானே கூப்பிட்டது? இந்தக் கட்டிச் சனியன் ஏன் போச்சு?"

மங்கையர்க்கரசி நுண்ணோக்கியின் விளக்கை அணைத்தார்.

"அதுவும் அவங்க உடம்புல பிறந்த பிள்ளைதானே, டாக்டர்."