உப்பளத்துக்கு ஒரு வெளிவாசல்

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. வெளியாட்கள் கேட்டால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

கம்ப்யூட்டரில் ஓடுகிற சின்னச் சின்னப் புரோகிராம்களை எழுதி, ஊருக்குச் சும்மா கொடுக்கிற இடம் அது. தூத்துக்குடியில், டயர் கடைக்கு மேலே ஒரு மாடியறை. ஃபைல்களுக்கு மொத்தமாகப் பேர் மாற்றித் தருகிற புரோகிராம், திரையோரம் நிற்கிற கடிகாரம், ஆள் எழுந்துபோனதும் தானாக ஓடுகிற ஸ்கிரீன்சேவர், இப்படி. விலை கிடையாது, விளம்பரம் கிடையாது. பிடித்தால் வைத்துக்கொள். பிடிக்காவிட்டால் எடுத்துப் போடு.

நடத்துகிறவர் அமலோற்பவம் டீச்சர். எந்தப் பள்ளிக்கூடத்திலும் வேலை பார்த்தவர் இல்லை. நாங்கள் கூப்பிட்டுக் கூப்பிட்டு டீச்சர் ஆகிவிட்டார். வயது நாற்பதுகூட இல்லை. படிக்க வருகிறவர்களில் பாதிப் பேர் அவரைவிட மூத்தவர்கள்.

வழக்கம் இதுதான். யார் என்ன புரோகிராம் எழுத வந்தாலும், அதை நீக்குகிற பகுதியைத்தான் முதலில் எழுத வேண்டும். நாங்கள் அதை வெளிவாசல் என்போம். நீக்கிய பிறகு கம்ப்யூட்டரில் ஒரு தூசிகூட மிச்சமில்லை என்று டீச்சரிடம் காட்டிவிட்டுத்தான் மற்றதைத் தொட முடியும்.

இசக்கிமுத்து அண்ணாச்சி வந்த அன்றைக்கே இதில் முட்டிக்கொண்டார்.

பெங்களூரில் பெரிய கம்பெனியில் இருந்தவர். ஐம்பது தாண்டியதும் ஒரு மத்தியானம் கூப்பிட்டு, நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்கள். அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு, வாசல்வரை கூடவே வந்து விட்டுவிட்டுப் போனார்கள். சாயங்காலம் உள்ளேயிருந்த சிநேகிதர் ஒருத்தர் கம்பெனிக் கம்ப்யூட்டரில் அவர் பேரைப் போட்டுத் தேடினாராம். அப்படி ஓர் ஆளே இல்லை என்று வந்ததாம். டீ குடிக்கும்போதெல்லாம் இதைச் சொல்லுவார். சொல்லி முடித்ததும் டம்ளரை டொக்கென்று வைப்பார்.

"வீடே கட்டல. அதுக்குள்ள வெளிவாசல் எதுக்கு டீச்சர்?"

"வாசல வச்சிட்டு வாங்க அண்ணாச்சி. வீட்டப் பத்திப் பேசுவோம்."

"கடைசில எழுதித் தாறேன். நான் பாக்காத புரோகிராமா?"

டீச்சர் வற்புறுத்தவில்லை. யாரையும் அவர் வற்புறுத்தி நான் பார்த்ததில்லை. எனக்கு அதுதான் எரிச்சல். ஓர் அதட்டு அதட்டியிருந்தால் பிற்பாடு நடந்ததில் பாதி நடந்திருக்காது.

அண்ணாச்சி எழுதியது ஒரு ஸ்கிரீன்சேவர். பேர் உப்பளம். ஆள் நாற்காலியை விட்டு எழுந்து கொஞ்ச நேரத்தில், திரை முழுக்கப் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் நிற்கும். போனவர் திரும்பி வராமல் இருக்க இருக்க, தண்ணீர் வற்றும். வரப்போரம் வெள்ளை கட்டும். கடைசியில் திரையே உப்பாகப் பூத்துக் கிடக்கும். வந்து மவுஸைத் தொட்டதும் மடை திறந்து தண்ணீர் பாயும், உப்பெல்லாம் கரையும், விட்ட வேலை முன்னால் வந்து நிற்கும். அழகு என்றால் அப்படி ஓர் அழகு. இல்லை என்று சொல்ல எனக்கு மனசில்லை.

வெளிவாசல் இல்லாததால் எங்கள் இணையப் பக்கத்தில் டீச்சர் அதை ஏற்றவில்லை. அண்ணாச்சிக்கு ரோஷம். தன் பேரில் தனிப் பக்கம் போட்டு ஏற்றினார். ஆட்கள் இறக்கிக்கொண்டார்கள். ரெண்டு திரை வைத்திருப்பவர் ஒருவர், ஒரு திரையில் மட்டும்தான் வெயில் அடிக்கிறது என்று குறை சொன்னார். அடுத்த பதிப்பில் ஒரு திரைத் தண்ணீர் வாய்க்கால் வழியாக இன்னொரு திரைக்குப் போனது. பழைய கம்ப்யூட்டரில் திணறுகிறது என்றார் ஒரு நூலகர். அதற்கும் ஒரு பதிப்பு வந்தது. வெளிவாசல் மட்டும் அடுத்ததில், அடுத்ததில் என்று தள்ளிக்கொண்டே போனது.

அப்போதுதான் சென்னையில் கம்ப்யூட்டர் விற்கிற ஒரு கம்பெனி அவரைக் கூப்பிட்டது. விற்கிற புதுக் கம்ப்யூட்டர் எல்லாவற்றிலும் உப்பளத்தைப் போடுகிறோம், ஆரம்பத்தில் உங்கள் பேர் தெரியும் என்றார்கள். அந்தக் கம்பெனியிடம்தான் பெங்களூர்க்காரர்களும் கம்ப்யூட்டர் வாங்குகிறார்கள். அவரைப் போகச் சொன்னவர்களின் மேஜையிலேயே அவர் பேர் வந்து நிற்கும். அண்ணாச்சிக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

கம்பெனி கேட்டது ஒன்றே ஒன்று. உப்பளத்தோடு ஒரு காவலாள் இருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஒரு குட்டி ஃபைல். யாராவது உப்பளத்தை எடுத்துப் போட்டால், அது திரும்பக் கொண்டுவந்து வைத்துவிடும். அண்ணாச்சி உட்கார்ந்து எழுதினார். சோதித்துப் பார்க்க அவர்களுக்கு ஒரு பிரதியும் அனுப்பினார். பிறகுதான் டீச்சரிடம் வந்தார்.

"ஒரே ஒரு ஃபைல் டீச்சர். யாருக்கும் ஒரு இடஞ்சலும் இல்ல. இதுல என்ன தப்பு?"

டீச்சர் யோசித்தார்.

"ஞாயித்துக்கிழம உங்க வீட்டுக்குச் சாப்பிட வரலாமா அண்ணாச்சி?"

அண்ணாச்சிக்கு முகமெல்லாம் சிரிப்பு. சம்மதம் என்று நினைத்துக்கொண்டார்.

என்னையும் டீச்சர் கூட்டிக்கொண்டு போனார். அண்ணாச்சியின் மனைவி செண்பகம் மதினி நெத்திலிக் குழம்பு வைத்திருந்தார். வயிறு நிறையச் சாப்பிட்டோம். நாலு மணி இருக்கும், மதினி சுவர்க் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

"நாங்க ஒரு கல்யாண வீட்டுக்குப் போகணும் டீச்சர்" என்றார் அண்ணாச்சி.

"அப்ப நான் கிளம்பணுமா?"

"ஆமா. தப்பா நெனைக்காதீங்க."

"நெசமாவே கிளம்பணுமா?"

"ஆமா டீச்சர்."

"நான் போயிட்டா இந்த வீட்ல பேச்சுத்துணை கொறஞ்சு போகும். சம்மதந்தானா?"

மதினி சிரித்தார். அண்ணாச்சி சிரிக்கவில்லை. நீக்கப் போனால் சில புரோகிராம்கள் திரையில் கேட்கிற கேள்விகள் இவை என்று அவருக்குத் தெரியும்.

"ஏன் போகச் சொல்லுதீங்கன்னு காரணம் சொல்லுங்க. ரொம்பப் பேசுனேனா? நெறையச் சாப்பிட்டேனா? வேற ஏதும் காரணமா?"

"டீச்சர்."

டீச்சர் எழுந்து வாசல் வழியாகப் போனார். அண்ணாச்சி கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினால், அவர் கொல்லைப்பக்கமாக வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். மறுபடி எழுப்பி அனுப்பினார்கள். கொல்லைக் கதவைத் தாழ் போட்டார்கள். அதற்குள் டீச்சர் முன்வாசலைத் திறந்துகொண்டு வந்துவிட்டார். என் பாடுதான் திண்டாட்டம். அங்கே இருக்கவும் முடியவில்லை, எழுந்து போகவும் முடியவில்லை.

மதினி பட்டுச்சேலையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். சிரிப்பெல்லாம் எப்போதோ போய்விட்டது.

"இது என்ன கூத்து டீச்சர்? எங்க வீட்டுக் கதவ நாங்க சாத்தக் கூடாதா?"

டீச்சர் அண்ணாச்சியைப் பார்த்தார்.

"எனக்குப் புரியாமலா இருக்கு?" என்றார் அண்ணாச்சி. "மனுசன் வேற, மிஷின் வேற டீச்சர். நீங்க வந்து உக்காந்தா இடத்த அடைக்கும். அது எந்த மூலையில இருக்குன்னுகூடத் தெரியாது."

"சரி."

"என்ன சரி? என்னையும் ஒரு நாள் போன்னாங்க. ஒரு வார்த்த பேசாம போனேன். நீங்க சொல்லுதீங்களே, தூசிகூட விடாம, அப்படிப் போனேன். எவன் என்னத் தேடுனான்? இனிமே நான் எழுதுனது போகாது. எவன் போகச் சொன்னாலும் போகாது."

அதுவரை அவர்மேல் எனக்குக் கோபம்தான். இதைக் கேட்டதும் பாவமாகப் போய்விட்டது.

டீச்சர் எழுந்தார். "உங்க புரோகிராம் அண்ணாச்சி. நீங்கதான் முடிவு பண்ணணும்."

தெருமுனைவரை போனவர் நின்று, திரும்பி நடந்தார். வாசலில் அவரைப் பார்த்ததும் மதினி பதறிக் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"குடைய விட்டுட்டுப் போயிட்டேன் மதினி."

குடையை வாங்கிக்கொண்டு நடந்தார்.

செவ்வாய்க்கிழமை கம்பெனியிலிருந்து ஆள் வந்தார். பேர் பிரசன்னா. அண்ணாச்சிக்குத் தனி ஆபீஸ் கிடையாது என்பதால் எங்கள் மாடியறையிலேயே சந்திப்பு. டீச்சர் ஜன்னலோரம் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிரசன்னா லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே புகழ்ச்சி.

"பிரமாதம் சார். நீங்க அனுப்பினதை என் லேப்டாப்ல போட்டேன். எடுத்துப் பார்த்தேன், வந்துடுச்சு. திரும்ப எடுத்தேன், திரும்ப வந்துடுச்சு. எங்க ஆளுங்க நாலு பேர் உட்கார்ந்தும் முடியலை. அவ்வளவு கச்சிதமா எழுதியிருக்கீங்க."

அண்ணாச்சிக்கு நெஞ்சு நிமிர்ந்தது. ஜன்னல் பக்கம் ஒரு பார்வை பார்த்தார்.

"உப்பளம் எப்படி? புடிச்சிருந்துதா?"

"எது சார்?"

"படம். தண்ணி வத்தி, உப்பு பூக்குதே."

"ஓ, அதுவா. அதை நான் சரியா பார்க்கலை சார். வந்ததும் தட்டி விட்டுடுவேன். படத்தைப் பத்தி கவலைப்படாதீங்க, பின்னால விளம்பரம் எதையாவது மாத்திக்கலாம். எங்களுக்கு அந்தக் காவலாள்தான் முக்கியம்."

"உப்பு கட்டுறத ஒரு தடவகூட பாக்கலியா?"

"நேரம் எங்க சார் இருக்கு?"

அண்ணாச்சி கையை நீட்டினார்.

"லேப்டாப்ப இங்க தாங்க."

வாங்கி மடியில் வைத்துக்கொண்டு தட்ட ஆரம்பித்தார். வெளிவாசல் எழுதாத புரோகிராம் அல்லவா, ஒவ்வொன்றாகக் கையால் தேடித்தான் பிடுங்க வேண்டியிருந்தது. ஒளித்து வைத்தவரே தேடினார். ஓர் இடத்தில் எடுத்தால் இன்னோர் இடத்திலிருந்து எழுந்து வந்தது. வேர்த்து ஊற்றியது அவருக்கு.

"என்ன சார் பண்றீங்க?"

"கிளம்புதேன்."

"எங்க?"

"உங்க லேப்டாப்ப விட்டு."

பிரசன்னாவுக்குப் புரிய நேரம் பிடித்தது. புரிந்ததும் முகம் மாறியது.

"சார், விளையாடாதீங்க. எல்லாம் பேசி முடிச்சாச்சு."

"காவலாள் கிடையாது. உப்பளம் வேணும்னா எடுத்துக்கிடுங்க. புடிச்சவன் வச்சுக்குவான், புடிக்காதவன் எடுத்துப் போடுவான். அதுக்குச் சம்மதம்னா பேசுவோம்."

"அப்படி ஒரு புரோகிராம் எங்களுக்கு எதுக்கு சார்?"

"அப்ப வேண்டாம்."

பிரசன்னா டீச்சரைப் பார்த்தார். "மேடம், நீங்களாவது சொல்லுங்க."

"அவர் புரோகிராம் தம்பி" என்றார் டீச்சர், திரும்பாமலே.

பிரசன்னா லேப்டாப்பை வாங்கிப் பைக்குள் வைத்தார். குரல் இப்போது வேறு மாதிரி இருந்தது.

"ஒண்ணு சொல்றேன் சார். எங்க கம்ப்யூட்டர்ல பாதுகாப்பு புரோகிராமும் நாங்கதான் போடுறோம். இனிமே யார் உப்பளத்தை இறக்கினாலும் ஆபத்துன்னு சிவப்பு எழுத்துல வரும். உங்க பேரும் சேர்ந்துதான் வரும். யோசிச்சுக்கோங்க."

வாயைத் திறந்து நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று எழுந்தேன். அண்ணாச்சி கையைக் காட்டி என்னை உட்கார வைத்தார்.

"போடுங்க தம்பி. சிவப்பே போடுங்க. இசக்கிமுத்துன்னு பெருசாவே போடுங்க. பெங்களூர் மேஜைலயும் வரட்டும். எவன் கால்லயும் விழுந்து கெடக்குற புரோகிராம நான் எழுதல. ஆனா போன்னு சொன்ன வீட்ல பதுங்கிக் கெடக்கவும் மாட்டேன்."

பிரசன்னா படியிறங்கிப் போனார். கடைசிப் படிவரை செருப்புச் சத்தம் கேட்டது.

அண்ணாச்சி தன் இடத்தில் போய் உட்கார்ந்தார். காவலாளை முழுசாக அழித்தார். பிறகு கை ஓயவில்லை, ஆனால் எதுவும் எழுதவும் இல்லை. விசைப்பலகையைத் தடவிக்கொண்டே இருந்தார். வீராப்பாகப் பேசிவிட்டார். பயம் இப்போதுதான் வந்தது. எனக்கும்தான்.

"டீச்சர்."

"சொல்லுங்க அண்ணாச்சி."

"அவன் சொன்னபடி செய்வான். சிவப்பு எழுத்தப் பாத்தா சனங்க பயந்துருவாங்க. ஏற்கெனவே வச்சிருக்கிறவங்களும் எடுத்துப் போட்டுருவாங்க. ஒருத்தர் விடாம எடுத்துப் போட்டா என்ன செய்ய?"

டீச்சர் நாற்காலியைத் திருப்பி அவரைப் பார்த்தார்.

"எடுக்கட்டும் அண்ணாச்சி. சுத்தமா எடுபடுதான்னு மட்டும் பாத்துக்கிடுங்க."