எல்லாத்தையும் மாத்துன தொபியாஸ்

"மாஸ்டர், கீ நாலையும் மாத்திட்டேன். பிக்கப் ரெண்டையும் மாத்திட்டேன். சவுண்டு மட்டும் மாறவே மாட்டேங்குது."

கேட்டது தொபியாஸ். மீசை நரைச்ச ஆளு. பகல்ல ஐஸ் கம்பெனி. சாயங்காலம் கோயில் திருவிழா மேடையில பேஸ் கிடார்.

அவன் கேட்டது பிலோமிகிட்ட. அதே இன்னிசைக் குழுவுக்கு மைக்செட் பாக்குற பொண்ணு. மூஞ்சியில இன்னும் பரு போகல.

ஒரு தடவ மேடை ஸ்பீக்கர்ல ஈ மொய்க்கிற மாதிரி ஒரு எரைச்சல். அவ ஒரு ஒயரத் தொட்டா, நின்னுபோச்சு. அன்னைலேருந்து இவன் அவள மாஸ்டர்ங்கான். அவ இவன அண்ணேங்கா. குருவும் சிஷ்யனும் இப்படியும் அமையும்.

கிடாரப் பத்தியும் சொல்லிரணும். கடையில கிடக்குறதுலயே கழிசடை. கம்பிய முறுக்குற கீ, ஆடுற பல்லு மாதிரி லொட லொடன்னு ஆடும். பாட்டு சரணத்துக்குப் போகும், சுதி பல்லவியிலயே எறங்கிப் போயிரும்.

அதனால மொதல்ல கீய மாத்துனான். சுதி எறங்காம நின்னுச்சு. மேடையில சத்தம் அதே சத்தம்.

அப்புறம் பிக்கப். கம்பி ஆடுறதப் பிடிச்சு சத்தமாக்குற காந்தக்கட்டை. பிலோமிதான் உக்காந்து ஈயம் பத்த வச்சுக் குடுத்தா.

அதே சத்தம்.

"எம்மக செல்போன்ல வீடியோ பாத்துட்டுக் கேக்கா மாஸ்டர். எல்லார் சத்தமும் கேக்குதுப்பா, ஒன் சத்தம் எதுன்னு."

"என்ன சொன்னீய?"

"தும் தும்னு வருதுல்லா, அதாம்ட்டி நான்னேன்."

"அதுக்கு?"

"நீ குனிஞ்சு கிடார் பட்டைய மாட்டும்போதும் அது பாட்டுக்கு வருதேப்பாங்கா."

"அதுக்கு நீங்க?"

"எக்கோவா இருக்கும்னுட்டேன்."

பிலோமி சிரிக்கல.

"இன்னைக்குக் கச்சேரி எங்க தெரு மாதா கோயில்ல. எம்மக கூட்டுக்காரிகளையும் கூட்டிக்கிட்டு வாரா. இன்னைக்கு அவ காதுல நான் விழணும் மாஸ்டர். விழலன்னா இத விறகுக்குப் போட்டுட்டு ஐஸ் ஒடைக்கவே போயிருதேன். சொல்லுங்க. இன்னும் எத மாத்தணும்? கம்பியா? ஒயரா? கட்டையவே மாத்திரவா?"

"வாங்க," ன்னா பிலோமி.

மேடையிலேருந்து எறக்கி, தார்ப்பாய்க்குக் கீழ இருந்த மிக்சர் மேசைக்குக் கூட்டிட்டுப் போனா.

மேடையில நிக்குற ஒவ்வொருத்தருக்கும் அதுல ஒரு வரிசை. வரிசைக்கு ஒரு குமிழ். மேல தள்ளுனா சத்தம். கீழ இழுத்தா ஊமை. தள்ளித் தள்ளி, குமிழ் ஓடுற தடமெல்லாம் வழவழன்னு மின்னுச்சு.

ஒண்ணத் தவிர.

அந்தக் குமிழ் அடிமட்டத்துல கெடந்துச்சு. அதுக்கு மேல தடம் பூரா தூசி. சாதாரணத் தூசியில்ல. கீரை வெதச்சா மொளைக்கும்.

கீழ ஒரு டேப். டேப்புல பேனாவால ஒரு பேரு.

தொபியாஸ்.

அவன் ரொம்ப நேரம் பாத்தான்.

"இது ரிப்பேரா மாஸ்டர்?"

"இல்லண்ணே."

"தொடைக்க விட்டுப்போச்சோ?"

"இல்லண்ணே."

காத்துல தார்ப்பாய் அடிச்சுக்கிட்டுச்சு.

"அப்ப அந்த தும் தும்?"

"ஜஸ்டின் அண்ணாச்சி. கீபோர்டுல, எடது கை."

ஜஸ்டின்தான் குழுவுக்குத் தலைவர். கச்சேரிக்கு முன்னால ஒவ்வொருத்தரையும் தனியா வாசிக்கச் சொல்லி சத்தம் செக் பண்ணுவாங்க. தொபியாஸ் முறை வந்தா அண்ணாச்சி கையக் காட்டி நிறுத்திருவார். "அவனுக்கு எதுக்குல செக்கு? சுத்தமான கை!"

அத தொபியாஸ் ஐஸ் கம்பெனி பூரா சொல்லிருக்கான். மாமனார்கிட்ட ரெண்டு தடவ சொல்லிருக்கான்.

வீட்டுல ஸ்பீக்கர் பெட்டியில மாட்டி வாசிக்க வழியில்ல, சுவத்துக்கு அந்தப்பக்கம் கைக்குழந்தை. மேடையில முதுகுக்குப் பின்னால டிரம்ஸ். எங்கயோ ஒரு தும் தும் கேட்டா, மனுசன் அதத் தன்னோடதுன்னுதான நெனைப்பான்.

"அப்ப நான் எதுக்கு மாஸ்டர் மேடையில?"

"நோட்டீஸ்ல எட்டு பேருன்னு போட்டிருக்கு."

தொபியாஸ் பக்கத்துல கெடந்த ஸ்பீக்கர் பெட்டி மேல உக்காந்தான். எதையும் சிரிச்சே சமாளிக்கிற ஆளு. வாயத் தொறந்தான். சிரிப்பு வரல.

"ஒங்க கையாலதான பத்த வச்சீய? அப்பவாவது சொல்லிருக்கலாம்ல?"

"பத்த வைங்கன்னீங்க. பத்த வச்சேன்."

"மாஸ்டர்..."

"இன்னும் எத மாத்தணும்னு கேட்டீங்க. ஒங்க சத்தம் எதுக்குக் கேக்கலன்னு ஒரு நாளும் கேக்கலயேண்ணே."

அவன் தரையப் பாத்தான்.

"கேட்டிருந்தா சொல்லிருப்பேனான்னு எனக்குந் தெரியாது," ன்னா பிலோமி. "அண்ணாச்சி போடுற சோறுதான் எனக்கும்."

அவ மேடையப் பாத்துக் கைய நீட்டுனா.

"ஏறுங்க," ன்னா.

"எங்க?"

"மேடைக்கு."

ஏறுனான். கிடார மாட்டுனான். ஒயரச் சொருகுனான்.

பிலோமி சுத்திமுத்திப் பாத்தா. ஜஸ்டின் அண்ணாச்சி குளிக்கப் போயிருந்தார். ஒத்த வெரலால அந்தக் குமிழ மேல தள்ளுனா. மணல் அரைபடுற மாதிரி ஒரு சத்தம்.

தொபியாஸ் தடிச்ச கம்பிய ஒரு தட்டு தட்டுனான்.

தரை உறுமுச்சு. அடுக்கி வச்ச சேரெல்லாம் கடகடன்னு ஆடுச்சு. மணிக்கூண்டுப் புறா அத்தனையும் ஒண்ணாக் கெளம்புச்சு. அந்த ஒரு தட்டுக்கு, அந்த ஒரு மூச்சுக்கு, அவன்தான் ராஜா.

அப்புறம் பாட்ட ஆரம்பிச்சான்.

மொத அடி பிந்திச்சு. ரெண்டாவது முந்திச்சு. ஒரு வெரலு இடி மாதிரி விழுது, அடுத்த வெரலு கொசு மாதிரி உக்காருது. ஒரு கம்பியத் தொட்டா பக்கத்துக் கம்பியும் சேந்து கத்துது.

புதுக் கீ சுதிய அப்படியே நிறுத்தி வச்சிருந்துச்சு. சுதி மேல பழி போட வழியில்ல. புதுப் பிக்கப் நகம் ஒரசுறத வரைக்கும் பொறுக்கி எடுத்து ஊருக்கே குடுத்துச்சு. அத்தனை வருசமா அந்த வெரலுக்குத் தப்புன்னு ஒருத்தரும் சொன்னதில்ல. சொல்றதுக்கு அத ஒருத்தரும் காதால கேட்டதேயில்ல. அவனுங்கூட.

பாதியில நிறுத்துனான்.

"மாஸ்டர், எறக்கிருங்க."

பிலோமி ரெண்டு கையையும் மேசையிலேருந்து எடுத்துக் கட்டிக்கிட்டா.

"எம்மக வாரா மாஸ்டர்."

அவ அசையல.

"கும்பிடுதேன். பழையபடி எறக்கிருங்க. நான் சும்மா நின்னுட்டுப் போறேன். எனக்குப் பழக்கந்தான்."

அவ அசையல.

அப்பதான் கோயில் வாசல்ல சுண்டல் அடுப்பு மூட்டிக்கிட்டிருந்த பொம்பள அகப்பையோட எந்திரிச்சா.

"ஏ மேடையில! எந்த மூதேவி அது? பெத்த வயிறெல்லாம் கலக்குது! யாருய்யா வாசிச்சது?"

தொபியாஸ் திரும்பிப் பாத்தான். டிரம்ஸ் சும்மா கெடந்துச்சு. கீபோர்டு மேல துணி மூடிருந்துச்சு. மேடையில வேற ஆளு இல்ல.

பள்ளிக்கூடத்துல பேரு கூப்பிட்டா தூக்குற மாதிரி, கைய மெல்லத் தூக்குனான்.

"நாந்தான்க்கா."