கழல் கட்டிய மாடு

அரசர்கள் சண்டை போடுவதும் மாடுகள் அவர்களுக்காக முரசு சுமப்பதுமாக இருந்த காலம் அது, கேளுங்கள். அப்போது நன்னாகன் என்றொருவன் போர்முரசு ஏற்றிய மாட்டை ஓட்டிவந்தான்.

ஒரு போரில் எதிரியின் முரசொலி கேட்டு மாடு மிரண்டது. மிரண்டு திரும்பியது. திரும்பிய வேகத்தில் அதன் கொம்பு நன்னாகனின் மார்பைக் கிழித்தது.

ஊர் திரும்பியவனின் மார்புக்கட்டைப் பார்த்ததும், வேல் பட்ட புண் என்று ஊராரே முடிவு செய்துகொண்டார்கள். நன்னாகன் பொய் சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தான், அவ்வளவுதான். அந்தப் போரில் அவன் செய்த பெரிய வீரச்செயல் அதுதான்.

மனைவி மருதி தேன் தடவிக் கட்டினாள். அடியிலிருந்து புதுச்சதை வளர்ந்து வந்தது. இரண்டு ஓரங்களும் மெல்ல நெருங்கின. புண் சிறுத்தது, பார்க்க வருகிறவர்களும் குறைந்தார்கள். அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

பக்கத்து ஊர் மாமன் மீனோடு வருகிறார் என்றதும், நகத்தால் ஓரத்தைப் பிரித்தான். பாணர்கள் பாட வருகிறார்கள் என்றதும், மறுபடி பிரித்தான். அரசரே புண்பட்ட வீரர்களைப் பார்க்க வருகிறார் என்றதும், மூன்றாம் முறையும் பிரித்தான். இம்முறை சீழ் பிடித்தது, காய்ச்சலும் கண்டது.

மருதிக்கு எல்லாம் தெரியும். "ராஜா வருகிறார் என்பது உங்கள் சதைக்குத் தெரியாது. அது பாட்டுக்கு ஒட்டப் பார்க்கிறது. இன்னொரு தடவை கைவைத்தால் என் தாலி தங்காது" என்றாள்.

அரசர் வந்தார். மற்றவர்களின் புண்களெல்லாம் வெறும் கோடாகியிருந்தன. நன்னாகனுடையது மட்டும் வாய்பிளந்து கிடந்தது. அரசர் மெய்சிலிர்த்துப் போனார்.

"இதைத் தாங்கியவன் அடுத்த போரில் முன்வரிசையில் நிற்கட்டும்."

நன்னாகனுக்குக் குப்பென்று வியர்த்தது. காய்ச்சல்கூட இறங்கிவிட்டது.

"அரசே, முதலில் குத்தியது என் மாடு. அப்புறம் குத்தியதெல்லாம் நான்" என்றான்.

அரசர் வெகுநேரம் சிரித்தார். அப்படியானால் பரிசும் மாட்டுக்கே என்று சொல்லி, வீரனுக்கென்று கொண்டுவந்த கழலை அதன் காலில் கட்டச் சொன்னார்.

கழல் ஒலிக்க மாடு தெருவில் நடந்தது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு நன்னாகன் பின்னால் நடந்தான். ஊரே திரண்டு பார்த்தது, மாட்டை. அவன் மார்பைப் பார்க்க ஆளில்லாததால் அவன் நகத்துக்கும் வேலை இல்லாமல் போயிற்று. அடுத்த மழைக்குள் புண் ஆறிவிட்டது.

பிற்காலத்தில் யாராவது தழும்பைக் காட்டச் சொன்னால், "எங்கே இருக்கிறதென்று எனக்கே தெரியவில்லை. மாட்டைக் கேளுங்கள்" என்பான்.

ஆகவே கேளுங்கள்: ஊர் பார்க்க வேண்டுமென்று தன் புண்ணைத் தானே கிளறுகிறவனுக்கு வேறு பகைவர் தேவையில்லை.