ஒரு நூல்கூட வளராத மரம்

தோட்டக்காரி செல்லக்கிளி மேல் ஓய்வுபெற்ற நீதிபதி தாண்டவராயருக்கு ஓயாத சந்தேகம். தண்ணீர் ஊற்றினால் தன் இரண்டு போன்சாய் ஆலமரங்களும் கூரையைப் பிளந்துவிடும் என்று நம்பிய மனுஷன், தினமும் ஸ்கேலோடு வந்து அவற்றை அளப்பார். ஒருநாள் மண் ஈரமாக இருந்தது.

"திருட்டுத்தனமா தண்ணி ஊத்துறியா? ஒரு நூல் வளர்ந்தாலும் உன் வேலை போச்சு!"

ஒரு மரத்தை மட்டும் அவளிடம் விட்டுவிட்டு, மற்றதைத் தன் ஏசி அறையில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

ஒரு மாதம் கழித்து, போன்சாய் கண்காட்சிக்கு மரம் தேர்ந்தெடுக்க வந்தவர்கள் முன்னால் இரண்டையும் அளந்தார். செல்லக்கிளியின் மரம் தளதளவென்று இருந்தது, உயரம் மட்டும் அதே ஒரு சாண். கொழுந்து எட்டிப் பார்க்கும்போதெல்லாம் கிள்ளிவிட்டிருந்தாள்.

"என் மரம் இலைகூட விடலை, என்ன அடக்கம் பாருங்க!" என்றார் நீதிபதி. வந்தவர்களில் ஒருவர் தொட்டதும் அதன் கிளை சடக்கென்று ஒடிந்தது.

"என்னடி பண்ணினே இதை?"

"சாவி உங்க இடுப்புலதானே ஐயா இருந்துச்சு? நீங்க சொன்னபடியே கேட்டிருக்கு. இனிமே ஒரு நூல்கூட வளராது."