அண்டாவுக்கு ரிசர்வ் விலை வைத்த வீடு

மொச்சக்குளத்துக்காரர்கள் சொன்ன சொல்லை மீற மாட்டார்கள். "கதவைப் பூட்டிவிட்டு வா" என்றால், உள்ளே நின்று கதவைப் பூட்டிவிட்டு, இனி எப்படி வருவது என்று சாயங்காலம் வரை யோசிப்பார்கள். அப்பேர்ப்பட்ட ஊரில் சொர்ணக்கிளிக்கு ஒரு கவலை வந்தது.

மகள் செவ்வந்தி பிரசவத்துக்கு வியாழக்கிழமை வருகிறாள். வீட்டில் இருப்பதோ இரண்டே அறை. ஒன்றில் மனிதர்கள், மற்றதில் அண்டா. மாமனார் ஊர்ச் சமையலுக்கு வாங்கிய பித்தளை அண்டா அது. உள்ளே உட்கார்ந்து நாலு பேர் சீட்டாடலாம். ஆடியும் இருக்கிறார்கள்.

"அது போனாத்தான் புள்ளை படுக்க இடம். வித்துத் தொலைங்க," என்று புருஷன் சங்கிலியிடம் மூக்கைச் சிந்திக்கொண்டே இருந்தாள்.

செல்போன் கடை ரபீக் படம் எடுத்து, ஆன்லைன் ஏலத்தில் போட்டுத் தந்தான். ஒரு கட்டம் மட்டும் பாக்கி.

"இதுதான் ரிசர்வ் விலை, அக்கா. இதுக்குக் கீழ எவன் கேட்டாலும் பொருளைக் குடுக்க வேண்டியதில்லை. வீட்டுல பேசி நீங்களே போட்டுக்கங்க. ஆனா இந்த விலை யாருக்கும் தெரியக் கூடாது."

சங்கிலியும் தம்பிமார் மாயாண்டியும் ஒச்சப்பனும் சொர்ணக்கிளியும் செல்போனைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"யாருக்கும்னா, நமக்குமாண்ணே?" என்றான் ஒச்சப்பன்.

"பின்னே? உனக்குத் தெரிஞ்சா டீக்கடைக்கே தெரிஞ்ச மாதிரி," என்றார் சங்கிலி.

"அப்ப எப்படி வைக்கிறது?"

யோசனை சொர்ணக்கிளிக்குத்தான் வந்தது. ஆளுக்கு ஓர் இலக்கம், நாலும் சேர்ந்தால் விலை. ஒருத்தர் அழுத்தும்போது மற்றவர்கள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்ள வேண்டும். அழுத்துகிறவரும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். அவள் முறை வந்தது. கூடப் போட்டால் அண்டா போகாது. குறைத்துப் போட்டால் மாமனார் கனவில் வந்து திட்டுவார். சாமியைக் கும்பிட்டு ஓர் அழுத்து அழுத்தினாள்.

திண்டுக்கல் பிரியாணிக்காரர் ஒருவர் மூவாயிரம் கேட்டார். 'ரிசர்வ் விலை எட்டவில்லை' என்றது செல்போன். அவரே ஐயாயிரத்துக்கு ஏறினார். எட்டவில்லை.

"எவனோ பேராசை பிடிச்சவன் வச்சிருக்கான் இந்த விலையை," என்று சங்கிலி காறித் துப்பினார்.

சொர்ணக்கிளி ரபீக்குக்குப் போன் போட்டாள்.

"அது உங்க போன்லயே இருக்குமேக்கா. திறந்து பாத்துக் குறைச்சு வைங்க."

"நல்லாருக்குய்யா உன் நியாயம்! அன்னிக்கு யாருக்கும் தெரியக் கூடாதுன்ன, இன்னிக்குப் பாருங்கற!"

மாயாண்டி தொண்டையைச் செருமினான். "பாக்கத்தானே கூடாது மதினி? என் போன்லேர்ந்து நாமளும் கேப்போம். எட்டிருச்சுன்னு சொன்னதும் நிறுத்திக்குவோம்."

"அப்பத் தெரிஞ்சிருமேண்ணே?" என்றான் ஒச்சப்பன்.

"தானாத் தெரிஞ்சா அது நம்ம குத்தமில்லடா."

ஆறாயிரம், ஏழாயிரம் என்று ஏற்றினார்கள். எட்டாயிரத்தில் போன் பச்சையாக மின்னியது. எட்டிவிட்டது! அந்த நிமிஷமே திண்டுக்கல்காரர் எட்டாயிரத்து ஐந்நூறு கேட்டார். அத்தோடு போனைக் கீழே வைத்திருந்தால் அண்டா போயிருக்கும்.

"யார்றா இவன், நாம கேட்டுக்கிட்டு இருக்கும்போது குறுக்க வர்றது?" மாயாண்டிக்கு மீசை துடித்தது. ஒன்பதாயிரம் போட்டான். அவர் ஒன்பதரை போட்டார். சங்கிலி துண்டை உதறி இடுப்பில் கட்டினார். சொர்ணக்கிளிக்கு வியர்த்துக் கொட்டியது.

"விட்டுராதீங்க கொழுந்தனாரே! இந்த மாதிரி அண்டா இனி எங்க கிடைக்கும்!"

பன்னிரண்டாயிரத்தில் திண்டுக்கல் அடங்கியது. தெருவே அதிர வெடி போட்டார்கள். அண்டை வீடுகளுக்குக் கேசரி போனது.

வியாழக்கிழமை காலையில் போனுக்குத் தகவல் வந்தது: பொருளை வாங்கியவர் வீட்டில் சேர்க்கவும். அண்ணன் தம்பி மூவரும் அண்டாவைச் சாய்த்து உருட்டி வெளியே எடுத்து, வேனில் ஏற்றி, நாலு பேரிடம் விலாசம் கேட்டு, ஊரைச் சுற்றித் தங்கள் வீட்டுக்கே வந்து சேர்ந்தார்கள். எடுத்தபோது சாய்த்து எடுத்தார்கள். கொடுக்கும்போது, வாங்கியவர் வீடாயிற்றே என்று மரியாதையாக நிமிர்த்தியே நுழைத்தார்கள். அண்டா வாசற்படியில் இறுகிக்கொண்டது.

உள்ளே நின்ற சொர்ணக்கிளி விளிம்பைத் தடவிப் பார்த்தாள். "படத்துல பளபளன்னு இருந்துச்சு. இது ஓரமெல்லாம் நசுங்கியிருக்கு. எங்களுக்கு வேணாம், எடுத்துட்டுப் போங்க."

"வித்த பொருளைத் திரும்ப வாங்குற வழக்கம் இல்லம்மா," என்றார் வெளியே நின்ற சங்கிலி.

இவர் முழியே சரியில்லை என்று சொர்ணக்கிளிக்குப் பட்டது.

ஆட்டோவில் வந்து இறங்கினாள் செவ்வந்தி. அண்டாவுக்கு அந்தப் பக்கம் அவளுக்கென்று கழுவிவிட்ட அறை காலியாகக் கிடந்தது.

"அம்மா! வயித்தைத் தூக்கிக்கிட்டு எவ்வளவு நேரம் நிக்கிறது? இதை நகத்துங்க!"

"எப்படிக் கண்ணு? நாங்க வாங்க மாட்டோம், அவங்க எடுக்க மாட்டாங்க."

"மறுபடி ஏலம் விட்டாத்தான் உண்டு," என்றான் ஒச்சப்பன். அண்ணன்மார் இருவரும் அதை ஒப்புக்கொண்டார்கள்.

செவ்வந்தி பல்லைக் கடித்தாள். "சரி, பத்து ரூவா! எனக்கே குடுங்க. உடைச்சுப் போட்டுட்டு உள்ள வர்றேன்."

மூவரும் பயபக்தியோடு சுவர்ப் பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டார்கள். சங்கிலி குரலை உயர்த்தினார்.

"பத்து ரூவா ஒரு தரம்! பத்து ரூவா ரெண்டு தரம்!"

அண்டாவுக்குப் பின்னால் சொர்ணக்கிளி முந்தானையை வாயில் வைத்து அழுத்திப் பார்த்தாள். முடியவில்லை.

"பதினொண்ணு!"